இரண்டு அங்குலம் உயர்ந்த லெஸ்டர்

"இன்னும் ரெண்டு இஞ்ச் இருந்தா போதும் கிளென்," என்றார் லெஸ்டர், வண்டிக்கு அடியில் படுத்தபடி.

சமையலறை ஜன்னலில் நின்ற கிளெனிஸுக்குக் கணவனின் ரப்பர் செருப்புக் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. "யாருக்கு?" என்றாள்.

"வண்டிக்குத்தான். அடிவயிறு மண்ணுல தட்டாம இருக்கணும்னா ரெண்டு இஞ்ச் ஏத்தணும். ஸ்கேல் வச்சு அளந்துட்டேன்."

"டயர்ல கொஞ்சம் காத்தை இறக்கினாலே மணல்ல புதையாதுன்னு, நம்ம வண்டியை இழுத்துவிட்ட டிராக்டர்காரர் அன்னைக்கே சொன்னாரே."

வண்டிக்கு அடியில் ஸ்கேல் நழுவி விழும் சத்தம் கேட்டது. வீட்டு நாயை விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தால்கூட லெஸ்டர் இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டார்.

லெஸ்டர் மேரிபரோ என்ற ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். தினமும் காலையில் மரச்சுத்தியலை எடுத்துக்கொண்டு பஸ்ஸைச் சுற்றி வருவார். ஒவ்வொரு டயரையும் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். காற்று குறைந்த டயரில் வண்டியை எடுப்பவனும் குடித்துவிட்டு எடுப்பவனும் அவர் கணக்கில் ஒன்றுதான். அப்படிப்பட்ட மனிதர் போய் நல்ல டயரிலிருந்து தானே காற்றைப் பிடுங்கிவிடுவதா?

ஆனால் கடற்கரை மணலிலேயே வண்டி ஓட்டிப் போகவேண்டிய பெலிக்கன் முனைக்குப் போயே ஆகவேண்டும். கல்யாணமான புதிதில், அடுத்த வாரம் அங்கே கூட்டிப்போகிறேன் என்று கிளெனிஸுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. முதலில் வேலை, அப்புறம் வீட்டுக் கடன், அதற்கப்புறம் பிள்ளைகளின் பல்லுக்குக் கம்பி. இப்போது நாற்பதாவது கல்யாண நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கிளெனிஸ் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் ஒரு சண்டை போட்டு மறந்திருப்பார். அவள் சும்மா இருந்ததுதான் அவரைத் தின்றது.

போன வருடம் ஈஸ்டருக்கு ஒரு முறை முயன்று பார்த்தார். கடற்கரை வாசலில் எல்லோரும் இறங்கிக் குந்தி உட்கார்ந்து டயர் காற்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். லெஸ்டர் மட்டும் நேராக விட்டார். முதல் மணல் மேட்டிலேயே வண்டி வயிறு பதிய உட்கார்ந்துவிட்டது. டிராக்டர் வந்து இழுத்தபோது, பின்னால் காத்திருந்த வண்டிகளில் இருந்த பிள்ளைகள் கை தட்டினார்கள். பாதிப் பேர் அவர் பஸ்ஸில் வருகிற பிள்ளைகள்.

"வண்டி குட்டை. அதான் பிரச்சினை," என்று அன்றே தீர்ப்பு எழுதிவிட்டார்.

வண்டிகளை உயர்த்தித் தரும் லிஃப்ட் கடையில் டானியா என்ற பெண் பொறுமையாக விளக்கினாள். "மூணு வழி இருக்கு லெஸ். புது ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர், எல்லாம் சேர்த்து ஒரு செட். அது நல்லது. ஸ்பிரிங் மட்டும் மாத்தலாம். அது பரவாயில்ல."

"மூணாவது?"

"இருக்கிற பழைய ஸ்பிரிங் மேலயே இந்த பிளாஸ்டிக் வட்டைச் செருகுறது."

"அது எப்படி?"

"அது மலிவு."

லெஸ்டர் வட்டைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"எங்க போகணும் உங்களுக்கு?" என்றாள் டானியா.

"பெலிக்கன் முனைக்கு."

"அதுக்கு லிஃப்டே வேண்டாமே. டயர்ல..."

"வட்டையே குடும்மா."

சனிக்கிழமை பக்கத்து வீட்டு டெஸ் வந்து உதவினார். கூலி ஒரு பெட்டி பியர். முன்பக்கம் இரண்டு வட்டுகளும் ஏறி உட்கார்ந்தன. அப்புறம்தான் டெஸ் வட்டு வந்த டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"லெஸ், இது முன்பக்கத்துக்கு மட்டும்தான். பின்பக்கத்துக்குத் தனியா வாங்கணும் போலிருக்கு."

"பரவாயில்ல விடு. முன்னாடி ஏறினா பின்னாடி தானா வரும்."

பின்பக்கம் வரவில்லை. வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றது. இருட்டியதும் லெஸ்டர் அதை ஒரு சுற்று ஓட்டிவிட்டுத் திரும்பினால், எதிர்வீட்டு மேவிஸ் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"உன் லைட்டு நேரா என் படுக்கையறைக்குள்ள அடிக்குது. நான் பல்லைக் கழட்டி டம்ளர்ல போடுறதைத் தெருவே பாத்தாச்சு."

மறுநாள் டெஸ் தன் ஷெட்டில் கிடந்த இரும்புக் கட்டைகளைக் கொண்டுவந்து பின்பக்கத்தை ஏற்றினார். கட்டைகள் வட்டைவிட உயரம். இப்போது வண்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு குனிந்தது. மேவிஸுக்கு நிம்மதி. ஆனால் லெஸ்டர் கார் கொட்டகைக்குள் பின்னோக்கி விட்டபோது வண்டியின் கூரைக் கம்பி கொட்டகையின் தகரத்தில் மாட்டியது. அவர் பிரேக் பிடிப்பதற்குள் மழைநீர்க் குழாய் முழுவதும் கழன்று நாயின் தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் விழுந்தது. அன்றிலிருந்து அந்த நாய் வண்டியைப் பார்த்தாலே துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது.

வண்டியைத் தெருவிலேயே நிறுத்தவேண்டியதாயிற்று. அந்த உயரத்துக்குக் கிளெனிஸால் ஏற முடியவில்லை. லெஸ்டர் பால் பாட்டில் அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்றில் கயிறு கட்டிக் கொடுத்தார்.

"இதுல கால் வச்சு ஏறு. ஏறினதும் கயித்தை இழுத்து மடியில வச்சுக்கோ."

"பால்காரி மாதிரி இருக்கேன் லெஸ்."

"அழகா இருக்கே."

கிளெனிஸ் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே லெஸ்டர் இன்னும் இரண்டு அங்குலம் ஏற்றத் தயாராக இருந்தார்.

வண்டியைப் பெரிய சாலையில் விட்டபோது அது தன்பாட்டுக்கு இடப்பக்கம் ஓடியது. வீல் அலைன்மென்ட் பார்ப்பவன் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, டார்ச்சை எடுத்துவந்து மறுபடியும் குனிந்து பார்த்தான். "யார் செஞ்சது இது?" என்றான் கடைசியில். லெஸ்டர் டெஸ்ஸைக் காட்டிக்கொடுத்தார்.

இந்த அமளிக்கு நடுவிலும் லெஸ்டர் ஒரு கடமையை விடவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் கிளெனிஸின் சின்ன வண்டிக்குக் காற்று பார்ப்பது. அந்தப் பழைய வண்டிக்கு அவர் வைத்த பெயர் காய்கறிக் கூடை. நாலு சக்கரத்துக்கும் இழுவை உண்டு என்று விற்றவன் சொல்லியிருந்தான். லெஸ்டர் நம்பவில்லை.

"மறுபடியும் இறங்கியிருக்கு கிளென். நாலு டயரும். டயர் கடைக்காரன் தண்ணியில முக்கிப் பாத்துட்டான். ஓட்டை இல்லைங்கிறான். வால்வையும் மாத்தியாச்சு. இது என்ன மாயமோ."

"பழைய வண்டிதானே லெஸ்," என்று கிளெனிஸ் வாணலியில் மீனைத் திருப்பிப் போட்டாள்.

"கிழங்கானா? மறுபடியும் கிளப் குலுக்கல்ல விழுந்ததா?"

"ஆமா."

போன ஈஸ்டருக்குப் பிறகு கிளெனிஸ் வியாழக்கிழமைகளில், புல்வெளியில் பந்து உருட்டி ஆடும் பௌல்ஸ் கிளப்புக்குப் போக ஆரம்பித்திருந்தாள். அங்கே மீனைப் பரிசாக வைத்து நடத்தும் குலுக்கலில் ஊரில் எவருக்கும் விழாத பரிசு அவளுக்கு விழுந்துகொண்டே இருந்தது. மனைவியின் ராசியை நினைத்து லெஸ்டர் பெருமையோடு இன்னொரு துண்டு எடுத்துப் போட்டுக்கொண்டார்.

கடைசியில் அவர் டானியாவிடமே திரும்பிப் போனார்.

"அந்த நல்ல செட்டையே போட்டுடும்மா."

"அப்பவே சொன்னேனே."

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். வட்டு, அலைன்மென்ட், கொட்டகைக் குழாய், டெஸ்ஸின் பியர் எல்லாம் போக, முழுச் செட்டையும் வாங்கியாயிற்று. கழற்றிய வட்டுகளைக் கிளெனிஸ் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டாள். வண்டி இப்போது சமமாக, கம்பீரமாக, சரியாக இரண்டு அங்குலம் உயர்ந்து நின்றது. லெஸ்டரும் கொஞ்சம் உயர்ந்துதான் நடந்தார்.

கல்யாண நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஐஸ் பெட்டி, பிளாஸ்க், சாண்ட்விச், பால் கிரேட் எல்லாம் ஏறின. நாய் வர மறுத்துவிட்டது. கடற்கரை வாசலில் வழக்கம்போல எல்லோரும் குந்தி உட்கார்ந்திருந்தார்கள். லெஸ்டர் அவர்களைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு நேராக விட்டார்.

அதே மணல் மேடு. அதே இடம். சக்கரங்கள் சுற்றச் சுற்ற வண்டி மெல்ல இறங்கி, போன வருடம் போலவே வயிறு பதிய உட்கார்ந்தது. இரண்டு அங்குலம் ஏற்றிய வண்டி என்பதால் உட்கார இம்முறை கூடுதலாகக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

லெஸ்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். காது மடல் சிவந்திருந்தது. "என்னால முடியல கிளென்," என்றார். "நாப்பது வருஷமா ஒரு கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போகத் துப்பில்லாதவனைக் கட்டிக்கிட்டே நீ."

கிளெனிஸ் அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். "நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ லெஸ். பாக்காதே."

கயிற்றைப் பிடித்துக் கிரேட்டை இறக்கி, அதன்மேல் கால் வைத்து இறங்கினாள். கைப்பையிலிருந்து காற்று பார்க்கும் கேஜை எடுத்தாள். புஸ்ஸென்ற சத்தம் ஒவ்வொரு சக்கரமாகக் கேட்டது. லெஸ்டர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். சக்கரங்களுக்கு முன்னால் இருந்த மணலை அவள் கையாலேயே தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"இப்போ மெதுவா எடு. சக்கரம் சுத்தக் கூடாது, உருளணும்."

வண்டி உருண்டது. மேடு கடந்தது. ஈர மணலுக்கு வந்ததும் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"எங்க கத்துக்கிட்டே இதெல்லாம்?"

"அங்க இங்க கேட்டதுதான்."

பெலிக்கன் முனையில் கடல் இரண்டு பக்கமும் பளபளத்தது. மணல் திட்டில் பெலிக்கன்கள் வரிசையாக நின்றன. லெஸ்டர் இன்ஜினை அணைத்தார். 

"கூட்டிட்டு வந்துட்டேன் கிளென். கொஞ்சம் லேட்டு."

"வந்துட்டோமில்ல. எத்தனையோ தடவை நினைச்சுப் பாத்திருக்கேன், நீயும் நானும் இங்க இப்படி உக்காந்திருக்கிற மாதிரி." கிளெனிஸின் கண் கலங்கியிருந்தது. அவள் கடலைப் பார்க்கவே இல்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். லெஸ்டருக்கு அவ்வளவு சந்தோஷம். இந்த ஜென்மத்துக்கு இது போதும் என்று தோன்றியது.

அப்போது தூண்டிலும் கிழங்கான் நிறைந்த வாளியுமாக ஒரு கிழவர் அலையோரமாக நடந்து வந்தார். வண்டிக்குப் பக்கத்தில் நின்று, அதன் உயரத்தை மேலும் கீழும் பார்த்தார். ஜன்னல் வழியாகக் கிளெனிஸைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். பிறகு லெஸ்டரைப் பார்த்ததும் கிழவரின் முகம் மலர்ந்தது.

"என்ன கிளெனிஸ், வியாழக்கிழமை வர்றவ இன்னைக்கு வந்திருக்கே? வாராவாரம் உன் சின்ன வண்டிக்கு வெள்ளிக்கிழமை காலையில காத்தடிச்சுக் குடுக்கிற மகராசன் இவர்தானா?"