சோறு வராத சஹன்

சீனி வருத்தம் வந்த தகப்பனைக் காப்பாற்றக் கிளம்பும் மகளைவிட ஆபத்தான பிராணி உலகத்தில் இல்லை. ஒரு காலத்தில் நானே அந்தப் பிராணியாக இருந்தேன்.

தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து வெளியேறி வந்த நாங்கள் புத்தளத்துக்கு அருகே மாம்புரியில் குடியிருந்தோம். யுத்தம் முடிந்த பிறகு ஒவ்வொரு குடும்பமாக ஊர் திரும்பத் தொடங்கியது. வாப்பாவும் போவதாகத்தான் இருந்தார். அங்கே காடேறிக் கிடந்த எங்கள் வீட்டு வளவைத் துப்புரவாக்க ஆள்கூடப் பிடித்துவிட்டார். அதற்குள் சர்க்கரை நோயால் காலில் ஒரு புண் வந்து, ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். சோற்றைக் குறைக்கச் சொன்னார் டொக்டர். வாப்பா பணிவாகத் தலையாட்டிவிட்டு வந்து, அன்று மத்தியானமே இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்.

அந்த நாட்களில்தான் போனில் ஒரு வெள்ளைக்காரியின் சமையலைப் பார்த்தேன். இலையுதிர்காலத்துக்கு ஏற்ற, மாப்பொருள் குறைந்த, சூடான காய்கறிச் சலாது. (எங்கள் பக்கம் உதிர்வது தென்னோலை மட்டும். அதுவும் தலையைப் பார்த்துத்தான் உதிரும்.) வாப்பாவின் கால் பிழைத்துவிட்டதென்றே நம்பினேன்.

வாப்பாவோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்த கலீல் மாமா ஊருக்குத் திரும்பும் நாள் வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, நாலைந்து கூட்டாளிகளோடு எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் புறப்படுவதாக ஏற்பாடு. உம்மா நெய்ச்சோறு ஆக்கத் தயாரானார். நான் விடவில்லை. சோற்றுச் சஹன் என்னும் பெரிய தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தால் வாப்பாவின் கை சும்மா இருக்காது.

"வழியனுப்புற வீட்டுல சோறு இல்லயெண்டா ஆக்கள் என்ன கதைப்பாங்க?" என்றார் உம்மா.

"வாப்பாட கால் பெரிசா, ஆக்கள்ட கதை பெரிசா உம்மா?"

உம்மா அளந்து வைத்த அரிசியைத் திரும்ப வாளியில் கொட்டினார்.

வெள்ளைக்காரி சொன்ன இலை கிடைக்காததால் முருங்கையிலை போட்டேன். அவள் போட்ட கொட்டைப் பருப்புக்குப் பதில் கச்சான் கடலை. பூசணிக்காயைத் தாச்சியில் வாட்டினேன். வெளியே கருகியது, உள்ளே பச்சையாகவே இருந்தது. முட்டைக்கோவாவும் காளானும் சேர்ந்து, மொத்தத்தில் ஆட்டுக்கு வைத்து ஆடு மிச்சம் விட்டது போன்ற ஒன்று சஹனில் ஏறியது.

அவர்கள் கை கழுவிவிட்டு வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். பிஸ்மி சொல்லி, ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டார்கள். பிறகு கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒருவர் மழையைப் பற்றிக் கேட்டார். இன்னொருவர் பதில் சொன்னார். மழையும் முடிந்துபோனது. நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன்.

"மகள், இது நல்லா இருக்கு" என்றார் கலீல் மாமா. "சோத்தயும் கொண்டு வாங்களேன், ஆறிப் போயிரும்."

"சோறு இல்ல மாமா. இதுதான் சாப்பாடு."

வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். கட்டுப் போட்ட காலைச் சாரத்துக்குள் இழுத்து மறைத்தார். கலீல் மாமா அதைப் பார்த்தார். பிறகு சஹனில் கையை வைத்து, ஒரு பெரிய பூசணித் துண்டை எடுத்துக் கடித்தார். அது நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது.

"சாப்பிடுங்கப்பா" என்றார் மற்றவர்களிடம். "மச்சான்ட கால் சுகமாகி ஊருக்கு வர வேணும்."

எல்லோரும் சாப்பிட்டார்கள். வாப்பாவும் தலை நிமிராமல் சாப்பிட்டார். சஹன் காலியானது. நான் அதைச் சமையலின் வெற்றி என்று நினைத்தேன். (மடைச்சி.) வாசலில் வாப்பா, "கால் ஆறினதும் வாறன் மச்சான்" என்றார். வேன் புத்தளத்தைத் தாண்டுமுன் ஒரு கடையில் நிற்பாட்டி எல்லோரும் சோறு தின்றதைப் பிறகுதான் அறிந்தோம்.

கால் ஆறவில்லை. அடுத்த நோன்புக்கு முன் வாப்பா மௌத்தாகி, மாம்புரி மண்ணிலேயே அடங்கினார்.

சில வருடங்களுக்குப் பின் ஊரைப் பார்க்கப் போனேன். எங்கள் வளவில் உடைமுள் இன்னும் அடர்ந்திருந்தது. கலீல் மாமா வீட்டுக்கு வழி கேட்டபோது, வாசல் கூட்டிக்கொண்டிருந்த இளம் பெண் ஒருத்தி, நான் யாருடைய மகள் என்று விசாரித்தாள். சாலிஹு என்று வாப்பாவின் பெயரைச் சொன்னேன். அவள் பிறக்கும் முன்பே வாப்பா அந்த ஊரை விட்டு வந்துவிட்டார்.

விளக்குமாற்றை வைத்துவிட்டுச் சிரித்தாள். "சோறில்லாச் சாலிஹுட மகளா?"

கலீல் மாமா அந்தக் கதையை ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். வாப்பா திரும்பி வராத ஊரில் வாப்பாவுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது.

"ஓம்" என்றேன். "அவர்ட மகள்தான்."