கொப்பரைக் கிட்டங்கியில் படம் மாட்டிய விவரம்

கொளச்சல்

அன்பு மகள் பிளஸ்ஸிக்கு,

அப்பா சிலுவைதாசன் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே அனைவரும் சுகம். தோஹாவில் உன் சுகத்துக்காகத் தினமும் குடும்ப ஜெபத்தில் மன்றாடுகிறோம். போனில் சொன்னால் உன் அம்மை பாதியில் பிடுங்கி அழுதுவிடுவாள் என்பதால் கடிதம்.

பூட்டனார் காலத்தில் கொப்பரை அடைத்த நம் பழைய கிட்டங்கியை, உன் படங்களுக்காக ஆர்ட் கேலரி ஆக்கி முடித்தாயிற்று. திறப்புக்கு நீ வரவில்லையே என்று எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. லீவு கிடைக்காவிட்டால் நீ என்ன செய்வாய். ஓடு மாற்ற ஏறின உன் தம்பி எபிசன், ஓட்டைத் தாங்குகிற கழுக்கோல் இற்றுப்போய், ஒரு காலை மட்டும் உள்ளே தொங்கவிட்டுக்கொண்டு ஏணி வரும்வரை கத்தினான். எத்தனை சுண்ணாம்பு அடித்தும் கொப்பரை வாசம் போகவில்லை. அம்மை மல்லிகை ஸ்பிரே அடித்ததில், கட்டடமே எண்ணெய் தேய்த்துப் பூ வைத்த தலை மாதிரி மணக்கிறது.

போதகர் ஜெபித்துத் திறந்தார், சபையாரும் வந்தார்கள். அங்கேதான் தப்பு நடந்தது. அறுப்பின் பண்டிகைக்கு ஆலயத்தில் படைக்கிற வாழைக்குலையையும் சேவலையும் வருஷந்தோறும் ஏலம் விடுகிற ராஜையன் மாமா, வரிசையா மாட்டியிருக்கிற படத்தைப் பாத்ததும் ஸ்டூல்ல ஏறிட்டாரு. “பிளஸ்ஸி வரைஞ்ச வட்டக்கோட்டை, ஒருதரம்” னு தொடங்கினாரு பாத்துக்கோ, சனங்களும் பழக்கத்துல கேக்க ஆரம்பிச்சாச்சு. ஆலயத்துக்குப் போற காசுல்லா, யாரு விட்டுக்குடுப்பா. வட்டக்கோட்டை பேக்கரிக்காரருக்குப் போச்சு. கடைசியா, கண்ணாடியப் பாத்து உன்னையே நீ வரைஞ்ச படம். அம்மைதான் முதல்ல கேட்டா. மாமா “ரெண்டுதரம்” னதும் பதறிப்போய் அவளே ஏத்திக் கேட்டா.

“ஏட்டி, உனக்க மேல நீயே ஏத்துறியா?” ன்னேன்.

“எனக்க பிள்ளையாக்கும். நீங்க சும்மா இருங்க” ன்னுட்டா.

இப்ப அந்தப் படத்தை சாப்பாட்டு மேசையில நீ இருக்கிற நாற்காலியில சாத்தி வச்சிருக்கா. நானும் குழம்பு தெறிக்காம சாப்பிடப் படிச்சிட்டு வாறேன்.

ஆலயத்துக்குப் போனதைத் திருப்பிக் கேட்க முடியாது. ஆகவே ஒரு படமும் இல்லாத கேலரியைப் பார்க்க நீ லீவு போட்டு அலைய வேண்டாம். வேலையைக் கவனி. கர்த்தர் உன்னைச் சுகத்தோடும் சம்பளத்தோடும் காக்கட்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா
சிலுவைதாசன்

பின்குறிப்பு: மாமா மேல கோவப்படாதே மக்களே. ஏலம் விடச் சொன்னது நான்தான், அம்மைக்குத் தெரியாது. படம் எல்லாம் இங்க இருந்தா, போட்டோவுல பாத்து நல்லாருக்குன்னு சொல்லிட்டு நீ அங்கேயே இருந்திருவ. இப்ப நாலு சுவரும் ஒழிஞ்சு கிடக்கு. வந்து வரைஞ்சு தா. எங்களுக்கு உன்னைப் பாக்கணும்.