பிரேக் பிடிக்காத பேருரை

அன்புள்ள தங்கை ஒட்டிலியாவுக்கு, அக்கா நோட்புர்கா எழுதுவது.

இங்கே முழங்காலைத் தவிர எல்லாம் நலம். உன் வீட்டாரும் நலமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். உன் பேரன் க்விரினை மட்டும் இந்த வாரம் வேண்டுதலில் சேர்க்கவில்லை, காரணம் கீழே வருகிறது. டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். வரிக்கு வரி அதைக் காதில் வைத்துப் பார்க்கிறேன், உயிரோடுதான் இருக்கிறது, அடிக்கத்தான் மாட்டேன் என்கிறது.

நீ மறந்திருப்பாய், எனக்கு எதுவும் மறக்காது. என் பேரன் ரோமெட் முன்னால் உட்கார்ந்து பாப்ஸ்லெட் சறுக்கு வண்டியைத் திருப்ப, க்விரின் பின்னால் குனிந்து உட்கார்ந்து கடைசியில் பிரேக்கை இழுக்க, இரண்டு பேரும் ஐஸ் பாதையில் பாய்ந்து உலகச் சாம்பியன் ஆனார்கள். மறு வருஷமே வண்டி கவிழ்ந்து ரோமெட்டின் முதுகு போனபோது, ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று, "இனிமே இவன் உக்காந்து செய்யற வேலையா பாத்துக்கட்டும்" என்று சொன்னவள் நீ. வண்டியிலும் அவன் உட்கார்ந்துதானடி இருந்தான். அந்த ரோஷத்தில் படிக்கப் போய், ஐஸ் ஏன் வழுக்குகிறது என்று ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினான். பட்டம் வாங்கி என்ன, பல்கலைக்கழகத்தில் வருஷத்துக்கு வருஷம் இருப்பாயோ போவாயோ என்கிற வேலை. இப்போதுதான் நிரந்தரப் பேராசிரியர் இடம் ஒன்று காலியானது. இதுவும் இல்லையென்றால் கனடாவுக்குப் போய்விடுவான். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நான் எங்கே கனடா போவேன்?

அதற்குத் தேர்வுக் குழு முன்னால் அரை மணி நேரம் பேசிக் காட்ட வேண்டும், யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்றார்கள். அப்படிச் சொன்னால் நாம் சும்மா இருப்போமா, பஸ் பிடித்துக் கிராமமே போனோம், பந்தயத்தில் ஆட்டி உற்சாகப்படுத்துவோமே, அந்த மாட்டு மணிகளோடு. பல்கலைக்கழக வாசலில் வேலைக்கு நின்ற ஒருத்தி மணிகளைப் பிடுங்கிக்கொண்டாள், அவள் முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ரோமெட்டுக்குப் பேச்சை ஆரம்பிக்கத் தெரியும், நிறுத்தத் தெரியாது. வண்டியில் ஒரு நாளாவது அவன் பிரேக்கைத் தொட்டதுண்டா? அதனால் க்விரினை முதல் வரிசையில் உட்கார வைத்து, "அரை மணி ஆனதும் கையத் தூக்குடா, நிறுத்திக்கறேன்" என்று கெஞ்சினான். "அத நான் பாத்துக்கறேன், நீ ஓட்டு" என்றான் உன் பேரன்.

ரோமெட் வாயைத் திறந்தான். அதே நொடி உன் பேரன் தலையைக் கவிழ்த்து முழங்கால்களுக்கு நடுவில் செருகிக்கொண்டான். பழக்கமாம். முன்னால் ரோமெட் கிளம்பினால் தலை தானாகக் கீழே போய்விடுமாம். அரை மணி போயிற்று, முக்கால் போயிற்று, குழுத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், கனைக்கிறார், ரோமெட் வளைவுக்கு வளைவு வேகமெடுக்கிறான், நான் இருமிப் பார்த்தேன், கடைசியில் எழுந்து நின்று "பிரேக்கப் புடிடா க்விரின்" என்று கத்தியே விட்டேன். அவன் தலையைத் தூக்காமலே கைக்கு அகப்பட்டதைப் பிடித்து இழுத்தான், நாற்காலியில் எழுதுவதற்கு வைத்திருக்கிற மடக்குப் பலகை படாரென்று விழுந்தது, ரோமெட் வாக்கியத்தின் பாதியில் நின்றான். உடனே அத்தனை பேராசிரியர்களும் விரல் முட்டியால் மேஜையைத் தட்டினார்கள், கோழியை விரட்டுகிற மாதிரி. நான் விடுவேனா. "புள்ள பேசி முடிக்கல, அதுக்குள்ள தட்டி வெரட்டுறீங்களே, ஒங்கள எல்லாம் யாரு வளத்தா?" என்று தலைவரிடமே கேட்டேன். அவர் ஏதோ சொல்ல வந்தார், நான் இடம் கொடுக்கவில்லை. பஸ்ஸில் ரோமெட் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவன், ஊர் வரும்வரை என்னிடம் பேசவில்லை.

ஆக வேலை போயிற்று, உன் பேரனால். இனி அவன் என் வாசற்படி மிதிக்க வேண்டாம். உன் வீட்டுக்காரர் இருமல் குணமாகட்டும், சின்னக் குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம், பெரியவர்களுக்கு அவரவர் நடத்தைக்கு ஏற்றபடி.

உன் அக்கா,
நோட்புர்கா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது டெலிபோன் அடித்தது, ரோமெட்தான். வேலை அவனுக்குத்தான். பல்கலைக்கழகத்தில் மேஜையைத் தட்டினால் கைதட்டிப் பாராட்டுகிற மாதிரியாம். மணியைப் பிடுங்கத் தெரிந்தவளுக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. க்விரினைப் பற்றி மேலே எழுதியதெல்லாம் இல்லையென்று வைத்துக்கொள், திரும்ப எழுதக் காகிதம் இல்லை. ரோமெட் ஃபோனில் பேச ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. அடுப்பில் பார்லி சூப் அடிப்பிடித்துவிட்டது. கொட்டவில்லை. க்விரினைச் சாப்பிட அனுப்பு.