மழைக்கு ஒதுங்கிய வகுப்பு

ஒரு முழு வகுப்பையும் அதன் சொந்த வகுப்பறைக்குள்ளேயே தொலைத்தவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்படியும் ஒஸ்லோவில் யாராவது உங்களுக்குச் சொல்லத்தான் போகிறார்கள்.

நான் வேலை பார்த்த அச்சகம் மூடப்பட்டிருந்த காலம். விளம்பரங்களை வாசிப்பதையே ஒரு உத்தியோகம்போலச் செய்துகொண்டிருந்தேன். மனைவி ரஜனிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அதிகாலையில் புறப்படும்போது அவள் என்னைப் பார்க்கும் பார்வையில் எந்தக் குறையும் இருக்காது. அதுதான் பயமாக இருந்தது. அந்த நேரத்தில்தான் குரோருட் பக்கத்துப் பள்ளி ஒன்று பதிலாசிரியர்களைத் தேடுவதாக அறிந்தேன்.

இங்கே பதிலாசிரியராவதற்கு ஆசிரியப் பயிற்சி கட்டாயமில்லை. பிள்ளைகளுக்குத் தீங்கு செய்த வரலாறு இல்லை என்று பொலிஸ் சான்றிதழ் தரவேண்டும். பிறந்த நாட்டைப் பொறுத்து, காசநோய் இல்லை என்றும் காட்டவேண்டும். நோர்வேஜிய மொழியில் தேறியிருக்க வேண்டும். உங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஆள் வேண்டும் (அச்சக முதலாளி சொன்னார், வேலையைவிட்டு அனுப்பிய மனவருத்தமாக இருக்கலாம்). நான் எல்லாவற்றிலும் தேறினேன். பொலிஸ் சான்றிதழை எல்லோருக்கும் தெரியும்படி சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

“உதிலை என்ன எழுதியிருக்கு?” என்றாள் ரஜனி.

“நான் ஆசிரியராகத் தகுதியான ஆள் எண்டு.”

வாங்கி வாசித்தாள். “உங்களைப் பற்றித் தங்களுக்கு ஒண்டும் தெரியாது எண்டெல்லோ எழுதியிருக்கினம்.”

ஏப்ரல் மாதத்தில் ஒரு காலை, அதிபர் ஹில்டே தொலைபேசியில் அழைத்தார். நான்காம் வகுப்பு ஆசிரியை கோடை விடுமுறை வரைக்கும் வரமாட்டாராம். “இன்றைக்கு வந்து பாருங்கள். சரிவந்தால் அந்த வகுப்பு விடுமுறை வரை உங்களுக்குத்தான்.”

கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போனேன். அந்தக் கட்டடத்தில் வேறு எவரிடமும் கழுத்துப்பட்டி இருக்கவில்லை. அதிபரே கம்பளிக் காலுறையோடுதான் நடந்து திரிந்தார்.

“இன்றைக்கு உங்கள் வகுப்புக்குக் காட்டில்தான் பாடம்,” என்றார் ஹில்டே. வாரத்தில் ஒரு நாள் அப்படித்தானாம். பக்கத்து வகுப்பு ஆசிரியை இங்கர், தன் வகுப்புப் பிள்ளைகளோடும் உதவியாளரோடும் முன்னால் போய்த் தீ மூட்டி, சொசேஜ் வாட்டுவார். நான் என் வகுப்பை அழைத்துக்கொண்டு பின்னால் போகவேண்டும். பாதை பிள்ளைகளுக்குத் தெரியும்.

“மழை பெய்கிறதே?” என்றேன்.

“ஆமாம்,” என்றார், நான் கிழமையைச் சொன்னதுபோல.

நடைக்கூடத்தில் என் வகுப்பு தயாராக நின்றது. மழைச்சட்டை, மழைக் காற்சட்டை, ரப்பர் சப்பாத்து, தலையை மூடிய தொப்பி. வெளிக்கதவைத் திறந்து பார்த்தேன். சரியான மழை. திரும்பவும் மூடினேன்.

இந்த இடத்தில் என் வளர்ப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னை வளர்த்தவர்கள் குண்டுச் சத்தத்துக்குப் பயந்ததைவிட, பிள்ளையின் தலையில் மழைத்துளி விழுவதற்குத்தான் அதிகம் பயந்தார்கள். ஊரில் காலையில் இப்படிப் பெய்தால் பள்ளிக்கூடம் இல்லை. அதை யாரும் யாருக்கும் அறிவிப்பதில்லை. மழைதான் அறிவித்தல். ஆகவே இங்கரும் பாதி வழியில் திரும்பிவிடுவார் என்று மனப்பூர்வமாக நம்பினேன். படித்த பெண்மணி ஒருவர் இந்த மழையில் நின்று சொசேஜ் வாட்டுவாரா?

“எல்லோரும் உள்ளே வாருங்கள்,” என்றேன்.

அந்த வகுப்பில் கவிஷா என்றொரு தமிழ்ப்பிள்ளை இருந்தாள். என்னைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினாள்.

“மாமா, நாங்கள் காட்டுக்கெல்லோ போகோணும்.”

“வகுப்பிலை மாமா இல்லைப் பிள்ளை, சேர்.”

“சேர் மாமா, நாங்கள் காட்டுக்கெல்லோ போகோணும்.”

“மழை விடட்டும், போவம்.”

“மழை விடாது,” என்றாள், என்மேல் இரக்கப்பட்டு.

அத்தனை பேரின் மழையுடுப்பைக் கழற்றுவதற்குள் பாதிக் காலை போய்விடும் என்று, அப்படியே வகுப்பறைக்குள் போய் இருக்கச் சொன்னேன். கதவைச் சாத்தினேன். ஆசிரியன் வகுப்பில் கைபேசியைத் தொடக்கூடாது என்பது என் கொள்கை. அதன் வாயை அடைத்துப் பையில் போட்டேன். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி (அது கரும்பலகை அல்ல, ஏதோ பெரிய தொலைக்காட்சி; எப்படி இயக்குவதென்று தெரியவில்லை), எனக்குத் தெரிந்த ஒரே கற்பித்தல் முறையைக் கையில் எடுத்தேன். ஏழாம் வாய்பாடு. நான் சொல்ல, அவர்கள் சேர்ந்து சொல்லவேண்டும்.

யூனாஸ் என்ற பையன் கையை உயர்த்தினான். “நனையாமல் வெளியே போகத்தானே இதைப் போட்டோம்? ஏன் உள்ளே இருக்கிறோம்?”

“நல்ல கேள்வி,” என்றேன். (பதில் தெரியாத ஆசிரியர்கள் உலகம் முழுவதும் சொல்வது.)

வாய்பாடு சூடுபிடித்தது. எட்டாம் வாய்பாட்டுக்குப் போனோம். கோயில் பஜனைபோல வகுப்பு அதிர்ந்தது. இதற்காகவே பிறந்தவன் நான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதே நேரத்தில் காட்டில் நடந்ததைப் பின்னர்தான் அறிந்தேன். இங்கர் நனையவில்லை, ஏனென்றால் மழையுடுப்பு போட்டிருந்தார். தீ மூட்டி, சொசேஜ் வாட்டி, எங்களுக்காகக் காத்திருந்தார். நாங்கள் வரவில்லை. எனக்கு அழைத்தார், என் கொள்கை பையில் கிடந்தது. அதிபருக்கு அழைத்தார். ஹில்டே நடைக்கூடத்தின் முனைக்கு வந்து எட்டிப்பார்த்தார். எங்கள் கொளுக்கிகளில் ஒரு மழைச்சட்டைகூட இல்லை. தட்டில் ஒரு சப்பாத்துகூட இல்லை. ஆகவே வகுப்பு வெளியே போய்விட்டது. ஆனால் போய்ச் சேரவில்லை. இடையில் இருப்பது காடு. கூடப் போனவன் அன்றைக்குத்தான் வந்த, கழுத்துப்பட்டி கட்டிய ஒருவன்.

அதிபர், பள்ளிப் பராமரிப்பாளர், கையில் வேலையில்லாமல் இருந்த ஆசிரியர்கள் எல்லோரும் காட்டுக்குள் ஓடினார்கள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்களாம். இந்த நாட்டில் என் முழுப்பெயரை யாரும் சுருக்காமல் உச்சரித்தது அன்றைக்கு மட்டும்தான். அதைக் கேட்கத்தான் நான் அங்கே இல்லை.

வாகனச் சாவியை எடுக்கத் திரும்பிவந்த பராமரிப்பாளர்தான் எங்கள் பஜனையைக் கேட்டார். கதவு திறந்தது. தொப்பிகளுக்குள்ளிருந்து, வேர்த்துச் சிவந்த முகங்கள் அவரைப் பார்த்தன. அவர் கைபேசியைக் காதில் வைத்தார்.

“கிடைத்துவிட்டார்கள்… இல்லை, காட்டில் இல்லை. வகுப்பில்… ஆமாம், உயிரோடுதான். ஒன்பதாம் வாய்பாடு சொல்கிறார்கள்.”

ஹில்டே வந்தார். முழங்கால் வரை சேறு. ஒரு குட்டிக் கதிரையில் உட்கார்ந்து, பிள்ளைகளை இரண்டு தடவை எண்ணினார். என்னை எண்ணவில்லை.

“பிள்ளைகள் காட்டில் தொலைந்தால் என்ன செய்வதென்று எங்களிடம் ஒரு திட்டம் இருக்கிறது,” என்றார் மெதுவாக. “வகுப்பறையில் தொலைந்தால் என்ன செய்வதென்று இல்லை.”

“மழை பெய்தது…” என்றேன்.

“பெய்தது,” என்றார்.

அவர் கோபப்படவே இல்லை. நோர்வேஜியர் கோபப்படவில்லை என்றால் விஷயம் முடிந்துவிட்டது என்று பொருள். அந்த வகுப்பு, ரப்பர் சப்பாத்தோடு வந்த ஓர் இளைஞனுக்குப் போயிற்று.

வீட்டில் சொன்னேன். ரஜனி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். கதவு மெல்லியது. மகள் அபிஷா அந்த மரியாதையையும் தரவில்லை. “அப்பா, உங்களுக்குத் தந்த ஒரே வேலை பிள்ளையளை வெளியிலை கூட்டிக்கொண்டு போறது. அதை மட்டும்தான் செய்யேல்லை!” இன்றைக்கும் யன்னலில் நாலு துளி விழுந்தால், அவளும் தாயும் சேர்ந்து ஏழாம் வாய்பாட்டைத் தொடங்கிவிடுவார்கள். எனக்குப் பிறகு ஒரு நூலகத்தில் வேலை கிடைத்தது. நல்ல கூரை.

என்றாலும் எனக்கொரு ஆறுதல் மிஞ்சியிருந்தது. நிர்வாகம் தவறியிருக்கலாம், கற்பித்தல் தவறவில்லை. அப்படியொரு ஆசிரியரை அந்தப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். சில மாதங்கள் கழித்து, புருசெத்தில் ஒரு பிறந்தநாள் விழாவில் கவிஷாவின் தாயைக் கண்டபோது, அந்த ஆறுதலைக் கொஞ்சம் பெருக்கிக்கொள்ளலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“தங்கச்சி, உங்கடை மகளின்ரை வகுப்புக்கு ஒருநாள் படிப்பிக்க வந்தனான். அந்த மழை நாள். வீட்டிலை என்னைப் பற்றி ஏதும் கதைச்சவளோ?”

அவர் ரோல்ஸைக் கடித்தபடி யோசித்தார்.

“அண்டைக்கோ அண்ணை? அண்டைக்கு ரீச்சர் ஒருத்தரும் வரேல்லை எண்டெல்லோ சொன்னவள். ஆரோ ஒரு பிள்ளையின்ரை அப்பா வந்து காவலுக்கு இருந்தவராம்.”