பூட்டுக்காரர் மேல் ஒரு புகார்

"உங்க மேல ஒரு புகார்கூட இல்லையே?" என்றார் கண்காணிப்பு அலுவலகத்துக் குமாஸ்தா, காலியான புகார்க் கோப்பைக் கவிழ்த்துக் காட்டி.

"நல்லதுதானே சார்?" என்றார் பூட்டுக்காரர்.

"எது நல்லது? ஊர்ல எல்லார் மேலயும் யாராவது எழுதிப் போட்டிருக்காங்க. உங்க மேல மட்டும் இல்லைன்னா, எதையோ மறைக்கிறீங்கன்னு அர்த்தம். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு புகாராவது வரணும். இல்லைன்னா கடை லைசென்ஸ் ரத்து. தலைவரோட உத்தரவு."

அந்தக் கடையை விட்டால் பூட்டுக்காரருக்கு வேறு நாதி கிடையாது. மனைவி போய் நாலு வருடம். அவரோடு பேச வருகிறவர்கள் சாவியைத் தொலைத்தவர்கள் மட்டும்தான்.

முதலில் முடிதிருத்துகிறவரிடம் போய் முடிவெட்ட உட்கார்ந்தார். "தம்பி, என்னைப் பத்தி ஒரு வரி எழுதிப் போடேன்."

கத்தரிக்கோல் நின்றது. "அண்ணே, என் வாயைக் கிளறிப் பாக்குறீங்களா? நான் பிள்ளைகுட்டிக்காரன்!"

பாதி வெட்டிய முடியோடு வெளியே வந்தார். பின்னால் கடை சாத்தப்பட்டது.

எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டார். "உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?" என்று அக்கா அழுதேவிட்டாள். மறுநாள் அவள் வீட்டார் ஜன்னலைப் பலகை அடித்து மூடிவிட்டார்கள். சாயங்காலங்களில் அந்த ஜன்னல் வெளிச்சம்தான் அவருக்குத் துணையாக இருந்தது.

வியாழக்கிழமை பொறுமை போய், நடுத்தெருவில் நின்று கத்தினார். "தலைவர் ஒழிக!"

தெருவுக்கே காது கேட்காமல் போய்விட்டது. பின்னே? புகார் எழுதுகிறவன் அந்த இரண்டு வார்த்தையையும் தன் கையால் அல்லவா எழுதவேண்டும்!

கடைசியில் அவரே எழுத உட்கார்ந்தார். எழுத்து அடையாளம் தெரியக்கூடாதென்று இடது கையால் எழுதினார். 'பூட்டுக்காரர் தனியாகச் சாப்பிடுகிறார். ரேடியோவில் தலைவர் பேசும்போது குறுக்கே பேசுகிறார். வீட்டில் பேச வேறு யாரும் இல்லை.' படித்துப் பார்த்தபோது, தன்னையும் ஒருவர் கவனித்திருக்கிறார் என்று தோன்றி அழுகை வந்தது. அலுவலக வாசலில் இருந்த பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை குமாஸ்தா அந்தக் காகிதத்தைப் பார்த்தார். கோணல் எழுத்தைப் பார்த்தார். எதிரே நின்ற பூட்டுக்காரரின் இடது கைவிரலில் இருந்த மையைப் பார்த்தார்.

"சார், அது வந்து..." பூட்டுக்காரர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

குமாஸ்தா லைசென்ஸில் முத்திரை குத்தினார். சுவரை மறைத்து அடுக்கியிருந்த கோப்புகளைக் கண்ணால் காட்டி, குரலைத் தாழ்த்தினார்.

"பயப்படாதீங்க. இங்க இருக்கிறது எல்லாமே இடது கை எழுத்துதான். என்னோடதையும் சேர்த்து."