கழுவாத பேனாவில் வந்த நிறம்

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

ரத்தம் இல்லை. மை.

அதை முதலில் சொல்லிவிட்டு நலம் விசாரிக்கிறேன். இங்கே மூவரும் நலம். ஒருவர் மட்டும் சத்தமில்லாமல் நலம். நீங்களும் பெரியப்பாவும் வழக்கமான சத்தத்துடனேயே நலமாக இருக்க வேண்டும்.

நேற்று நீங்கள் அச்சகத்துக்குப் போன் செய்தபோது எடுத்தது நான் அல்ல, மேனேஜர். "ரத்தமா? ரத்தத்துலயா எழுதினா?" என்று நீங்கள் எடுத்த எடுப்பில் கேட்டதும் ரிசீவரை அப்படியே போட்டுவிட்டுக் காகிதம் வெட்டும் மெஷினுக்கு ஓடினார். கட்டிங் அண்ணன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்த பிறகுதான் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நான் பாடப்புத்தகம் ஒன்றில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். சிவப்பு மையில். என் விரலைப் பார்த்ததும் அவர் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"நான் ரொம்ப நன்றாக இருக்கிறேன் அக்கா, கவலைப்படாதே" என்று அம்மா உங்களுக்கு எழுதிய வாக்கியம் காய்ந்த ரத்த நிறத்தில் வந்தால் யாரும் போனை எடுக்கத்தான் செய்வார்கள். ஆனால் பெரியம்மா, அம்மா எழுதியது உண்மை. அந்த நிறத்துக்குக் காரணம் நான்.

அப்பாவுக்குத் தொண்டை போனது உங்களுக்குத் தெரியும். டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இத்தனை வருஷம் "பிரேக்! பிரேக்!" என்று கத்தியதில் போனது. அவரிடம் கற்றவர்கள் தெருவில் பார்த்தால் "பிரேக் சார்" என்பார்கள். சிலர் பழக்கதோஷத்தில் அப்படியே நின்றுவிடுவதும் உண்டு. வீட்டிலும் அவருக்கு அந்த ஒரே குரல்தான். தண்ணீர் கேட்டாலும் எதிரே லாரி வருகிற மாதிரி இருக்கும். டாக்டர், பேசவே கூடாது, முணுமுணுக்கவும் கூடாது என்றார். அப்பா சரி என்றார். சத்தமாக.

அன்று மாலை என் பேனா ஒன்றை அவரிடம் கொடுத்தேன். இனி இதுதான் உங்கள் குரல் என்றேன். பெரிய வார்த்தை. அதற்கு என்ன நிறம் என்று யோசிக்கவில்லை.

முதலில் கறுப்பு. "தண்ணீர் வேண்டும்" என்று எழுதி நீட்டினார். அம்மா கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள், எதையும் கையை நீட்டித் தள்ளிவைத்துத்தான் படிப்பாள். படித்துவிட்டு, "இதென்ன, வீட்டைக் காலி பண்ணச் சொல்ற நோட்டீஸா?" என்றாள். சரி என்று பச்சை நிரப்பினேன். "சரி, போய் வா" என்று பச்சையில் வந்தது. "லீவு சாங்ஷன் பண்ணிட்டாரு பெரிய ஆபீஸர்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள். வெளிர்நீலம் அழகான நிறம், காகிதத்தில் பட்டதும் யாரோ ஜன்னலைத் திறந்த மாதிரி இருக்கும், ஆனால் அதில் அப்பா எழுதியது எல்லாம் பள்ளிக்கூடப் பையனின் லீவு லெட்டர் போலத் தெரிந்ததால் அம்மா எதையும் நம்பவில்லை, தலைவலி என்று எழுதினால் நெற்றியைத் தொட்டுப் பார்த்து "ஒண்ணும் இல்ல" என்றாள், அதற்குள் ஒரு நாள் அவர் தெரியாமல் என் பிழைதிருத்தும் பேனாவை எடுத்து "உப்பு கம்மி" என்று சிவப்பில் எழுதிவிட, "மார்க் போடறீங்களா? எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்டு அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள். அன்று ரொட்டி.

காகிதமும் சரியில்லை. டிரைவிங் ஸ்கூலின் பழைய விண்ணப்பங்களின் பின்பக்கம். மை பட்டதும் ஒவ்வொரு எழுத்துக்கும் பொடிப்பொடியாகக் கால் முளைத்துவிடும். அவர் அமைதியாக எழுதினாலும் மயிர்க்கூச்செறிந்த மாதிரி தெரியும்.

நடுவில் வேலைக்கும் போய்ப் பார்த்தார். "பிரேக்" என்று ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு, தேவைப்பட்டபோது ஓட்டுகிறவரின் முகத்துக்கு நேரே நீட்டினார். அவர் நிதானமாகப் படிக்கிற ஆள். படித்து முடிப்பதற்குள் கார் ஒரு குப்பைத்தொட்டியை அடைந்துவிட்டது.

பிறகுதான் அந்த நிறம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அரைத்தூக்கம். அப்பா எடுத்த அந்தப் பிழைதிருத்தும் பேனாவில் மிச்சமிருந்த சிவப்பைக் கழுவ மறந்து அதற்குமேல் நீலக்கருப்பை ஊற்றிவிட்டேன். வழிந்ததைத் திரும்ப ஒரு சின்னப் புட்டியில் பிடித்து, அதிலும் ஏதோ கொஞ்சம் சேர்த்தேன். என்ன, எவ்வளவு என்று நினைவில்லை. கட்டிங் அண்ணன் அன்று கொடுத்தனுப்பிய ஓரத்துண்டுகள் மேஜையில் இருந்தன. சந்தன நிறக் காகிதம், வழவழப்பு, உள்ளங்கை அகலம். அப்பா ஒன்றை எடுத்து எழுதினார்.

"மழை வரும்போல. கொஞ்சம் உட்காரேன்."

கோடு மெலிந்த இடத்தில் ரோஜாச் சருகு. வளைகிற இடத்தில் மை தேங்கி, இருட்டில் பார்த்த தேன். ஈரமாக இருக்கும்போது எழுத்துகள் எல்லாம் பளபளவென்று நிற்கும். பிறகு முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அந்த ஒளி அணைந்துகொண்டே வரும், ஊரில் ஒவ்வொரு வீடாக விளக்கணைத்துத் தூங்கப்போவது போல. கடைசி எழுத்தில் கொஞ்ச நேரம் தங்கும். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

மழை வரவில்லை. இருவரும் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அப்பா அந்தப் பேனாவை விடவில்லை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு மங்கிய கறை. "இந்த விளக்குல உன் முகம் பழைய மாதிரி இருக்கு" என்று ஒரு சீட்டு. "மேல்வீட்டுப் பூனை உன்னைத் தேடிச்சு" என்று ஒன்று. எனக்கு வந்ததும் உண்டு: "நீ மெதுவாச் சாப்பிடறது எனக்குப் பிடிக்கும்." ஆறிப்போகிறது, சீக்கிரம் சாப்பிடு என்று என்னைச் சின்ன வயதிலிருந்து விரட்டியவர் இவர்தான்.

ஒரு நாள் அம்மா கையில் சீட்டோடு என் அறைக்கு வந்து கேட்டாள்: "இந்த மனுஷன் இத்தனை நாள் எங்கடி இருந்தாரு?"

நான் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மையிலா, அவரிடமா.

பிறகு அம்மாவும் எழுத ஆரம்பித்துவிட்டாள். தொண்டை நன்றாக இருக்கிறவள். "அவர் எழுதறப்போ நான் மட்டும் கத்தினா நல்லாவா இருக்கு?" என்கிறாள், அதையும் கிசுகிசுவென்று. உங்களிடம் போனில் அவள் பேசாமல் மூச்சுவிட்டதற்குக் காரணம் இதுதான். சண்டை இல்லை, அடி இல்லை, நீங்கள் பெட்டி கட்ட வேண்டாம். வீட்டில் இப்போது கேட்பதெல்லாம் நிப்பு காகிதத்தில் நடக்கிற சத்தம்தான், யாரோ சருகுமேல் செருப்பில்லாமல் போகிற மாதிரி. கீழ்வீட்டுக்காரர் வந்து, "வீட்ல எதுவும் துக்கமாம்மா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டுவிட்டுப் போனார். அப்பாவின் குரல் இல்லாமல் அவருக்குத் தூக்கம் வருவதில்லையாம்.

இதுவரை நல்ல செய்தி. இனி உங்களிடம் கேட்க வந்தது.

அப்பாவுக்குக் குரல் திரும்பவில்லை. டாக்டர் சொன்ன கெடு முடிந்துவிட்டது. போன வாரம் பரிசோதனைக்கு அவர் மட்டும் உள்ளே போனார். வெளியே வந்து தலையை ஆட்டி, "இன்னும் நாளாகும்" என்று எழுதிக் காட்டினார். அந்தச் சீட்டு காயும்வரை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை துணி மடித்துக்கொண்டே என்னிடம், "குரல் வரணும்டி. பாவம் அவரு" என்றாள். பிறகு, "வந்துட்டா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் தலையணை உறையைத் திரும்பத் திரும்ப மடித்தாள்.

மையும் தீரப்போகிறது. அந்தப் புட்டியில் அடிமட்டம்தான் மிச்சம். நானும் கலக்கிப் பார்த்துவிட்டேன். ஒரு தடவை கத்திரிப்பூ. ஒரு தடவை செங்கல். இன்னொரு தடவை மழைக்காலச் சேறு.

உங்கள் பக்கத்து வீட்டம்மாவின் மருமகன் பெரிய தொண்டை டாக்டர் என்று சொல்வீர்களே. அவரிடம் எப்படியாவது நேரம் வாங்கித் தாருங்கள். எங்கே வரச் சொன்னாலும் வருகிறோம். உங்களைத் தவிர இதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. இரவல் குரலை எத்தனை நாள் ஓட்டுவது, பெரியம்மா?

பெரியப்பாவுக்கு என் வணக்கம். நீங்கள் என்னை ஆசீர்வதிக்க வேண்டும், முடிந்தால் போனில் அல்ல. மேனேஜருக்கு நெஞ்சு பலவீனம்.

உங்கள் தங்கை மகள்

பின்குறிப்பு: நிறம் மாறியிருப்பதற்கு மன்னியுங்கள். மேலே இருப்பது சாம்பல் நிற மை. இது இன்றைய முதல் கலவை, நீலம் கூடிவிட்டது.

டாக்டர் வேண்டாம். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள்.

கடிதத்தை மடிக்கப் போனபோது பின்னால் யாரோ, "மை தீந்துபோச்சும்மா" என்றார்கள். மெதுவான குரல். வீட்டுக்குள் வேறு ஆள் வந்துவிட்டார் என்று நினைத்துத் திரும்பினேன். அப்பா. கையில் காலிப் புட்டி. பேசிவிட்டோம் என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது, உதட்டில் விரலை வைத்தார்.

"எப்பலேருந்துப்பா?"

"டாக்டர் போன வாரமே பேசச் சொல்லிட்டாரு." கதவைப் பார்த்தார். "பேசினா உங்கம்மா எழுந்து போயிடுவா. எழுதினா, காயற வரைக்கும் பக்கத்துல உக்காருறா."

அவர் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. குரலும் அந்த மையின் நிறத்திலேயே இருந்தது.

"இதே மாதிரி பேசுங்களேன்ப்பா. போக மாட்டாங்க."

"அவசரத்துல கத்திடுவேன்மா. எழுதினா கத்த முடியாது." புட்டியை என் கையில் வைத்தார். "அதே மாதிரி செஞ்சு குடு. அம்மாகிட்ட சொல்லிடாத."

நீங்களும் சொல்லிவிடாதீர்கள், பெரியம்மா.

இந்த வரி இரண்டாவது கலவை. அந்த நிறம் இன்னும் வரவில்லை. கூடத்தில் அம்மா அடுத்த சீட்டுக்காகக் காத்திருக்கிறாள். சிவப்புப் புட்டியையும் நீலக்கருப்பையும் எடுத்து வைத்துக்கொண்டேன். பேனாவைக் கழுவாமல் நிரப்பினேன்.