டேட்டா அடைக்கும் ஐயாவு அண்ணன்

என் அக்கா மகள் ஈப்போ பக்கத்துப் பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்ற அன்று என் போனில் டேட்டா தீர்ந்து போயிருந்தது. சித்தியவான் ஊரில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் அக்காவுக்குப் பேரன் முகத்தைக் காட்ட வழியில்லாமல் முழித்துக்கொண்டு நின்றேன். எங்களைக் காரில் கொண்டுவந்து விட்ட பக்கத்து வீட்டு ஐயாவு அண்ணன் தன் போனில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அது எவ்வளவு பெரிய தானம் என்று விளங்க வேண்டுமானால், அவர் என்ன இனம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

டேட்டாக் காவலர் இனம். உங்கள் தாமான் குடியிருப்பிலும் ஒருவர் இருப்பார். காலையில் எழுந்ததும் போனில் மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பார், திருநீறு பூசிக்கொண்டு மறுபடி பார்ப்பார், இப்படிப் பார்ப்பதற்கே டேட்டா போகுமோ என்று சந்தேகம் வந்து, அதற்காக இன்னொரு முறை பார்ப்பார். ஈப்போவில் எந்த ரொட்டிச் சானாய் கடையில் வைஃபை நன்றாக வரும் என்று கேளுங்கள், மேசையோடு சொல்வார். ரொட்டி எப்படி? அது தெரியாது.

அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்தால் அடுப்பை அணைத்தாயா என்று கேட்கிற மாதிரி, "டேட்டாவ அடச்சிட்டீங்களா?" என்பார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு மாதம் அளவு தாண்டிவிட்டது என்று கூடுதல் கட்டணம் போட்டுவிட்டார்கள். போன் கம்பெனி கவுண்டருக்கே போய், அங்கே இருந்த பெண்ணிடம் கேட்டார்.

"அங்கிள், எங்க கம்பெனி ஆப்ப போன்ல எறக்கிட்டா தாண்டுறதுக்கு முன்னுக்கே தெரிஞ்சிரும்."

"ஆப்ப எறக்குனா டேட்டா போவாதாம்மா?"

"கொஞ்சம் போகும் லா."

அன்றோடு எல்லாவற்றையும் அடைத்தார். ஒன்றைத் தவிர. அது கோவில் வாட்ஸ்அப் குழு. தலைவர் விஸ்வலிங்கம் ஐயா விடிந்தால் ரோஜாப்பூ வீடியோ, பத்து மணிக்கு அபிஷேக வீடியோ, சாயரட்சைக்கு விளக்கு வீடியோ என்று அனுப்புவார். எல்லாம் அண்ணன் போனில் தானாக வந்து இறங்கும். குழுவை விட்டுப் போகலாமே என்றால், "ஐயாவு வெளியேறினார்னு எல்லாருக்கும் காட்டுமே" என்றார். தானாக இறங்காமல் தடுக்க வழி இருக்கிறது என்றேன்.

"ஆத்தா வீடு தேடி வாரா. நான் கதவ அடைக்கிறதா தங்கச்சி?"

சாமி கும்பிடுகிறவள் நான். அந்தப் பேச்சை அத்தோடு விட்டேன்.

ஜொகூரில் இருக்கிற அவர் பேத்தி சாந்தினி, அங்கே கோவிலில் முதல்முதலாகத் தேவாரம் பாடப் போவதாகச் செய்தி வந்தது. மகள் குமுதா வீடியோவில் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். அண்ணன் அந்த மாதம் முழுக்கப் போனைப் பட்டினி போட்டார். ரோஜாப்பூவைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. ஆனால் அந்த வாரம் பார்த்துத்தானா எங்கள் கோவில் தீமிதி வர வேண்டும்? பூக்குழி வெட்டியது முதல் கடைசி பக்தர் இறங்கியது வரை விஸ்வலிங்கம் ஐயா ஒருவரையும் விடாமல் வீடியோ எடுத்து அனுப்பிவிட்டார். பேத்தி பாட இருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் போனுக்குச் செய்தி வந்தது: உங்கள் அளவு முடிந்தது, இனிமேல் கூடுதல் கட்டணம்.

என் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். மழை வரும் என்றார். ரம்புத்தான் இந்த வருஷம் காய்ப்புக் குறைவு என்றார். கையில் போன்.

நானும் ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட்டு, துளசிச் செடியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். பிள்ளை பாட ஆரம்பித்தது. என்ன குரல் அது. கடைசி அடி வருவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. லைன் போயிற்றோ என்று திரும்பினேன். இல்லை, அவரேதான் அடைத்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"ஏண்ணே?"

"ஒங்களுது நெறைய போவுதும்மா."

நான் திட்டி, மறுபடி போட வைப்பதற்குள் அங்கே தீபாராதனை ஆகிவிட்டது. அப்பாவுக்கு இனித் தனியிருப்பு வேண்டாம் என்று, அடுத்த மாதமே குமுதா அவரை ஜொகூருக்கு அழைத்துக்கொண்டாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இதைப் போனில் படிக்கிறவர்கள் ஒன்று சொல்லுங்கள். படிக்கத் தொடங்கியதிலிருந்து எத்தனை முறை மிச்சம் பார்த்தீர்கள்? இதில் படம் ஒன்றும் இல்லை என்று மனதுக்குள் நிம்மதிப்பட்டது யார்?

ஈப்போ பஸ் நிலையத்தில் அவரை ஏற்றிவிடப் போனேன். பஸ் கிளம்பும் நேரம் படியில் நின்று மெதுவாகச் சொன்னார்:

"அங்க மக வீட்டுல டேட்டாவுக்கு அளவே இல்லையாம் தங்கச்சி. அப்புறம் நான் எத அடைக்கிறது?"